வக்கீல் ஆபீஸ் கட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

மூன்று நான்கு தலைமுறை கண்ட சட்ட நிறுவனங்கள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களில் நிறுவனரின் தலைப்பாகைப் படம், வாரிசுகளின் படங்கள், நீதிபதியானவர்களின் பட்டியல் எல்லாம் இருக்கும். மலர் அச்சாகும் நேரத்திலேயே பரணைக் காலி செய்து பழைய கேஸ் கட்டுகளை எடைக்குப் போடுவதும் நடக்கிறது. அந்த ஆபீஸின் வரலாறு பரணில்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் தொடங்கிய ஆண்டு. பெயர்ப்பலகையில் போடும் ஆண்டு பல இடங்களில் நிறுவனர் சன்னது (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) பெற்ற ஆண்டாக இருக்கிறது. ஒருவர் தொழிலுக்கு வந்த ஆண்டும், கூட்டு நிறுவனம் உருவான ஆண்டும் வேறு வேறு. 1932 கூட்டாண்மைச் சட்டத்துக்கு முன்பு கூட்டு வியாபாரம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் ஓர் அத்தியாயத்தில் அடங்கியிருந்தது. நிறுவனப் பதிவாளரிடம் உள்ள பதிவேடு 1932 சட்டத்தின்படி வந்ததுதான். அதிலும் பதிவு கட்டாயமில்லை. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் நிறுவனமே இல்லை என்று ஆகாது. இன்னொன்று: கூட்டுப் பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். 'இடைவிடாமல் நடந்து வருகிறது' என்று சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறையின் கூட்டுப் பத்திரத்தையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பத்திரம் கிடைக்காவிட்டால் அச்சேறிய தீர்ப்புகள் கை கொடுக்கும். 1876 முதல் வரும் இந்தியச் சட்ட அறிக்கைகள் என்ற தீர்ப்புத் தொகுப்பின் மெட்ராஸ் வரிசையிலும், 1891 முதல் வரும் மெட்ராஸ் லா ஜர்னலிலும் ஆஜரானவர்களின் பெயர்கள் இருக்கும். ஆண்டு வாரியாகப் புரட்டினால் இரண்டு பெயர்கள் எப்போது சேர்ந்து வரத் தொடங்கின, எப்போது ஒன்று நின்றது என்பது தெரிந்துவிடும். அலுப்பான வேலைதான். ஆனால் குடும்பத்தில் வாய்வழியாக வரும் ஆண்டைவிட இது நம்பகமானது.

மெட்ராஸில் வக்கீல் ஆபீஸ்கள் பெருகியதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1801இல் இங்கே தொடங்கிய சுப்ரீம் கோர்ட், இங்கிலாந்தில் பட்டம் பெற்ற பாரிஸ்டர்களுக்கும், கட்சிக்காரருக்காக வழக்கு ஆவணங்களைத் தயாரித்த அட்டர்னிகளுக்கும் உரிய இடமாக இருந்தது. வக்கீல்கள் கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத்தில் வழக்காடினார்கள். 1862இல் இரண்டும் ஹைகோர்ட்டாக ஒன்றாயின. பம்பாய், கல்கத்தாவைவிட மிக முன்னதாகவே மெட்ராஸில் வக்கீல்கள், ஹைகோர்ட்டே வழக்கை நேரடியாக முதலில் விசாரிக்கும் அசல் பிரிவிலும் நுழைந்துவிட்டார்கள். பாரிஸ்டர் பட்டம் இல்லாத பாஷ்யம் ஐயங்கார் 1897இல் தற்காலிக அட்வகேட் ஜெனரலாகவே (அரசின் தலைமை வழக்கறிஞராகவே) ஆனார். ஆகவே இங்கே அட்டர்னி நிறுவனங்களோடு வக்கீல் ஆபீஸ்களும் தழைத்தன. மாவட்டத் தலைநகரங்களிலோ பல ஆபீஸ்களுக்குப் பத்திரமே கிடையாது. சீனியர் வீட்டு முன்கட்டில் ஜூனியராகச் சேர்ந்தவர் பின்னாளில் அந்தக் கட்டுகளையும் குமாஸ்தாவையும் ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். அதை அப்படியே எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. இல்லாத கூட்டு நிறுவனத்தை இருந்ததாகக் காட்டுவதுதான் தவறு.

இனி, எதைத் தேடி எடுப்பது? தீர்ப்பு நகல்கள் வேறு எங்காவது கிடைக்கும். ஃபீஸ் புத்தகம், வாய்தா டைரி, தபால் பதிவேடு, சம்பளப் பதிவேடு ஆகியவை அந்த ஆபீஸைத் தவிர வேறெங்கும் இருக்காது. பழைய ஃபீஸ் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். இடப்பக்கம் கட்சிக்காரர் பெயரும் ஊரும், அடுத்து கோர்ட்டும் வழக்கு எண்ணும், வலப்பக்கம் ரூபாய், அணா, பை என மூன்று பத்தி. வக்கீல் ஃபீஸ், ஸ்டாம்பு, பிராசஸ் செலவு (சம்மன் அனுப்பும் கட்டணம்), நகல் செலவு, குமாஸ்தா ஃபீஸ் எல்லாம் தனித்தனி வரியில். நம்பி வந்தவர்கள் ஜமீனா, தேவஸ்தானமா, வட்டிக்கடையா, குத்தகைதாரரா என்பது பத்துப் பக்கம் புரட்டினாலே விளங்கும். தேதி இல்லாத தாளுக்கும் வழி உண்டு. பத்தி மூன்றாக இருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அதன் பிறகு நயா பைசா வந்துவிட்டது. கடிதத்தாளில் பின்கோடு அச்சாகியிருந்தால் 1972க்குப் பிந்தையது.

கேஸ் கட்டின் மேல்தாளைக் கிழித்தெறியாதீர்கள். நீளவாக்கில் மடித்த அந்தத் தாளில் வாய்தா தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் 'சம்மன் சார்வாகவில்லை' (உரியவரிடம் சேரவில்லை), 'எதிருரைக்கு', 'சாட்சிக்கு' என்று ஓரிரு சொற்கள். வழக்கு எங்கே எத்தனை மாதம் முடங்கியது என்பதை எந்தத் தீர்ப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கட்டுகளைப் பிரிக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, இருக்கும் இடத்தையும் வரிசையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டு வாரியாக அடுக்குகிறோம் என்று எல்லாவற்றையும் கலைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பெரிய பிழை. கலைத்தபின் எந்தக் கடிதம் எந்த வழக்குக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் ஊறும். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும், இரண்டு பக்கமும் தளர்த்தி எடுக்க வேண்டும். ரப்பர் பேண்டுக்குப் பதில் பருத்தி நாடா. செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது. ஒட்டியதைப் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது. நனைந்த கட்டை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விரியுங்கள். இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடித நகல் புத்தகங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். காப்பி மையால் எழுதிய கடிதத்தை, ஈரப்படுத்திய மெல்லிய தாளோடு இரும்பு அழுத்தியில் வைத்து எடுத்த நகல் அது. எழுத்து தாளின் பின்பக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். முன்பக்கத்திலிருந்து ஊடுருவிப் படிக்க வேண்டும். ஈரத்துணியால் தூசி துடைத்தால் எழுத்தே கரைந்துவிடும். பின்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படம் எடுப்பதே போதும்.

கட்டுக்குள் மூலப்பத்திரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கோர்ட்டில் குறியீடு செய்த அசல் ஆவணங்களை, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 13ஆம் உத்தரவு 9ஆம் விதிப்படி, வழக்கு முடிந்ததும் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றுக் கட்டிலேயே வைத்து மறந்தவை உண்டு. அவை கட்சிக்காரரின் சொத்து. வாரிசைத் தேடி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். கோர்ட் பதிவுகளோ 1917 ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழான விதிகளின்படி காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படுகின்றன. அதன்பின் வக்கீல் கட்டுதான் மிச்சம்.

கட்சிக்காரர் சொன்ன ரகசியம் வழக்கு முடிந்தாலும் ரகசியமே. பழைய சாட்சியச் சட்டத்தின் 126, 127ஆம் பிரிவுகளும், இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132ஆம் பிரிவும் இந்தக் கடமையை வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் விதிக்கின்றன. எடைக்குப் போன கட்டு பொட்டலம் மடிக்கப் போகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கொடுப்பதானாலும், எந்தக் கட்டு எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

மலரில் ஜெயித்த வழக்குகளையும் பெரிய கட்சிக்காரர்களையும் அடுக்கினால் வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 36ஆம் விதியில் உள்ள விளம்பரத் தடை குறுக்கே வரும். அந்தப் பக்கங்களைக் குறைத்து, சம்பளப் பதிவேட்டைப் பிரித்து, கட்டுகளைக் கட்டி வைத்த குமாஸ்தாக்களின் பெயரையும் அவர்கள் வேலை பார்த்த ஆண்டுகளையும் போடுங்கள். அவர்கள் கையெழுத்து அந்தக் கட்டுகளின் மேல்தாளில் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய சட்ட ஆவணங்களில் அக்கறை கொண்ட வாசகர்கள்