பயன்பாட்டுச் சோதனைக்குப் பணம் கட்டினேன், சோதனை எங்கே?

அனுப்புநர்:
உரிமையாளர், பூஜைப் பொருள் மற்றும் சேலைக் கடை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
இணையதள வடிவமைப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: செய்யாத பயன்பாட்டுச் சோதனைக்குக் கட்டணம் வாங்கியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளும், அதில் விற்பனைக்கு உதவும் வூகாமர்ஸும் வைத்து நீங்கள் கட்டிக் கொடுத்த தளம் பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரால் அதில் ஒரு பொருளை வாங்கி முடிக்க முடியவில்லை, என் கடைப் பெண்ணால் ஒரு விலையைக்கூட நிம்மதியாக மாற்ற முடியவில்லை. உங்கள் பில்லிலோ "பயன்பாட்டுச் சோதனை" என்று, அதாவது ஆட்களைத் தளத்தைப் பயன்படுத்த வைத்து எங்கே திணறுகிறார்கள் என்று பார்ப்பதற்கு, தனி வரி போட்டுப் பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

முதலில் பணம் கட்டும் பக்கத்தைப் பாருங்கள். கைபேசி எண் பத்து இலக்கம் இருந்தால்தான் ஏற்கிறது. மொரீஷியஸ் கைபேசி எண் 5-இல் தொடங்கும் எட்டு இலக்கம், வீட்டுத் தொலைபேசி ஏழு. ஜனங்கள் என்ன செய்வார்கள்? முன்னால் இரண்டு பூஜ்யம் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். டெலிவரிப் பையன் அந்த எண்ணை அப்படியே அழைக்கிறான், யாருக்கும் போய்ச் சேருவதில்லை. அப்புறம் பின்கோடு ஆறு இலக்கம் வேண்டுமாம். இங்கே அது ஐந்து இலக்கம், அதையும் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. அதற்கும் கீழே மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என்று நீளும் அந்தப் பட்டியலில் இங்குள்ள காத்ர் போர்ன் ஊர்க்காரர் எதைத் தொடுவார்?

விலைக்கு முன்னால் இந்திய ரூபாய்க் குறி. இரண்டு நாட்டிலும் பணத்தின் பெயர் ரூபாய்தான் என்றாலும் எங்கள் ஒரு ரூபாய்க்கு இந்திய ரூபாய் ஒன்றரைக்கு மேல் வரும். குத்துவிளக்கின் விலையை இந்திய ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்த ஒரு அம்மா, கடையில் விலை கேட்டதும், "இணையத்தில் ஒரு விலை, கடையில் ஒரு விலையா?" என்று எல்லார் முன்னாலும் சண்டைக்கு நின்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எங்கள் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தே அச்சாகி வருகிறது. தமிழ் நிறுவனமான உங்களுக்கு அந்த ரூபாய் கண்ணில் படாமல் போனதுதான் வேடிக்கை.

தேடல் பெட்டி இன்னும் மோசம். இங்கே காவடியை ஆங்கில எழுத்தில் 'சி'யில் தொடங்கி இரண்டு 'ஈ' போட்டு முடிப்பார்கள். அரசு விடுமுறைப் பட்டியலில் இருப்பதும் அப்படித்தான். நீங்கள் 'கே'யில் தொடங்கிப் பதிந்திருக்கிறீர்கள். வேர்ட்பிரஸின் சாதாரணத் தேடல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும், உச்சரிப்பை அது அறியாது. தைப்பூச சீசனில் அதிகம் விற்கும் சரக்கைத் தேடினால் "எதுவும் கிடைக்கவில்லை" என்று வருகிறது.

நீங்கள் அனுப்பிய "சோதனை அறிக்கை"யைப் பொறுமையாகப் படித்தேன். முதல் பாதி லைட்ஹவுஸ் என்ற கூகுள் கருவி தரும் மதிப்பெண். அது இயந்திரம் போடும் மார்க், பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று சொல்லும், மனிதர் எங்கே திணறுகிறார் என்று சொல்லாது. மறு பாதியில் ஐந்து பேர் சோதித்ததாக இருக்கிறது. ஐந்து பேருமே உங்கள் அலுவலகத்தார், பார்த்தது தீமோடு (தளத்துக்குத் தோற்றம் தரும் வார்ப்புரு) வந்த மாதிரிப் பொருள்களை. மாதிரியில் எல்லாப் பெயரும் இரண்டே சொல், எல்லாப் படமும் ஒரே அளவு. எங்கள் "மயில் வேல் பதித்த பித்தளைப் பால்செம்பு" என்ற பெயர் கைபேசியில் மூன்று வரிக்கு இறங்கி, வாங்கும் பொத்தானைத் திரைக்குக் கீழே தள்ளிவிடுகிறது. உள்ளடக்கத்தை நாங்களே ஏற்றிக்கொள்ளும்படி கட்டும் தளத்தை எங்கள் உள்ளடக்கம் இல்லாமல் சோதித்தால் என்ன தெரியும்?

ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, 2000-இல் சொன்னார்தான். அதே கட்டுரையில், பயனர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும், கண்ட குறையைத் திருத்தித் திரும்பச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரமும், குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட இலக்கு, குறிப்பிட்ட சூழல் என்று வைத்துத்தான் பயன்பாட்டை அளக்கச் சொல்கிறது. எங்கள் தளத்துக்குப் பயனர் இரண்டு வகை: வாங்குகிறவர், தினமும் விலையும் படமும் ஏற்றுகிறவர். இரண்டாவது வகையை நீங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கு நீங்கள் கொடுத்தது முழு நிர்வாகி உரிமை. வூகாமர்ஸில் கடை மேலாளர் என்று தனிப் பொறுப்பே இருக்கிறது, அது போதும். அவள் உள்ளே போனாலே இடப்பக்கம் முழுக்க பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) பெயர்கள், மேலே விளம்பரங்கள். தீமைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது, புதுப்பித்தாள். உங்கள் ஆட்கள் செய்திருந்த மாற்றங்கள், பிரெஞ்சு மெனு உட்பட, அத்தனையும் போய்விட்டன. சைல்ட் தீம், அதாவது மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம், போட்டு அதில் எழுத வேண்டியதை மூலத் தீம் கோப்பிலேயே எழுதிவைத்தால் புதுப்பிக்கும்போது அழியத்தான் செய்யும். இதை நான் உங்களுக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது.

மேலே சொன்ன குறைகளைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரிசெய்யுங்கள். அதன் பிறகு எங்கள் வாடிக்கையாளர் ஐந்து பேரையும் கடை ஆட்கள் இருவரையும் வைத்துச் சோதனையை உண்மையாகவே நடத்துங்கள். ஆள்களை நான் ஏற்பாடு செய்கிறேன், நீங்கள் விமானம் ஏற வேண்டாம், காணொளி அழைப்பு போதும். "காவடிக்கு ஒரு பால்செம்பும் ரோஸ் நிற வேட்டியும் வாங்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் கை எங்கே போகிறது என்று பேசாமல் பாருங்கள். நடுவில் வழி சொல்லிக் கொடுத்தால் அது விற்பனைப் பேச்சு ஆகிவிடும். இதற்கு உங்களுக்கு மனமில்லை என்றால் பில்லில் அந்த வரிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தைப்பூச விற்பனை தொடங்கும் முன் இது முடிய வேண்டும். வேலை முடியும்வரை மீதித் தொகை என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

பி.கு.: அழைப்பதானால் உங்கள் நேரம் பதினொன்றுக்கு மேல் அழையுங்கள். நாங்கள் உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம், கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.