ஸ்டுடியோ கதவையும் திறந்து வையுங்கள்: கவின்கலைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கவின்கலைக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு இறுதிக் கண்காட்சி நெருங்கும்போது உங்கள் வளாகம் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். மாணவர்கள் இரவெல்லாம் விழித்து ஃப்ரேம் அடித்துக்கொண்டிருப்பார்கள். சிற்பத் துறையில் பீடத்துக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட் இன்னும் காய்ந்திருக்காது. இந்த நேரத்தில் வெளியாள் ஒருவன் கடிதம் எழுதுவது தொந்தரவுதான். ஆனால் எதை எங்கே மாட்டுவது என்று முடிவாவதற்கு முன்னால் சொன்னால்தான் பயன்.

நான் ஓவியன் இல்லை, பார்க்கப் போகிறவன். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முடித்த வேலையை மட்டும் காட்டாதீர்கள், அதைச் செய்த வழியையும் காட்டுங்கள்.

இப்போது நான் பார்க்கும் பெரும்பாலான கண்காட்சிகளில் ஒரு படம் மாட்டியிருக்கும். கீழே சின்னச் சீட்டில் மாணவர் பெயர், ஆண்டு, அளவு, அப்புறம் 'மிக்ஸ்டு மீடியா' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எதோடு எதைக் கலந்தார்கள் என்பது கலந்தவருக்குத்தான் வெளிச்சம். தேர்வாளருக்கு அது போதும், அவருக்குத் தொழில் தெரியும். சிறப்பு விருந்தினருக்கும் போதும், அவர் ரிப்பன் வெட்டிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்கள்தான் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் இரண்டு நொடி நின்று, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரசனை இல்லாத கூட்டம் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு நுனியாவது நாம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த நுனி உங்களிடம் நிறையவே இருக்கிறது. பதிப்போவியத் துறையை எடுத்துக்கொள்வோம். எட்சிங் ஒன்று சுவரில் தொங்குகிறது. பார்ப்பவர் பேனாவால் வரைந்த படம் என்றே நினைக்கிறார். துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கியது அவருக்கு எப்படித் தெரியும்? தகடு எவ்வளவு நேரம் அமிலத்தில் கிடக்கிறதோ, கீறிய கோட்டுக்கு அவ்வளவு ஆழம். ஆழம் கூடக் கூட மை கூடும், கறுப்பும் கூடும். முதலில் தகட்டை வெளியே எடுத்து, வெளிராக வர வேண்டிய கோடுகளை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, அடர்ந்த கோடுகளுக்காக மறுபடி இறக்க வேண்டும். மை தடவி, துணியால் துடைத்து, ஈரத் தாளை வைத்து பிரஸ்ஸில் ஓட்டினால் படம் இடம் வலம் மாறி வரும். அதனால் எழுத்து இருந்தால் தகட்டில் அதை இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். படத்துக்குக் கீழே பென்சிலில் 3/10 என்று இருப்பது மதிப்பெண் அல்ல, பத்துப் பிரதிகளில் மூன்றாவது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. மதிப்பெண் என்று நினைத்து ஒரு தாய் முகம் வாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் தகட்டை வைத்துவிடுங்கள். சோதனைக்காக எடுத்த முதல் ப்ரூஃப், இரண்டாவது ப்ரூஃப், மை அதிகமாகி நாசமான தாள் எல்லாவற்றையும் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வேறு விளக்கமே வேண்டாம்.

சுடுமண் துறையில் இது இன்னும் சுலபம். மெருகுப் பூச்சைச் சோதித்த சின்னச் சின்ன வில்லைகள் உங்கள் அலமாரிகளில் கொட்டிக் கிடக்கும். ஒரே செம்புக் கலவை சூளையில் காற்று தாராளமாக இருந்தால் பச்சையாக வருகிறது, காற்றைக் குறைத்தால் சிவப்பாக வருகிறது. இந்த இரண்டு வில்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்தாம் வகுப்பு வேதியியல் படிக்கும் பிள்ளை அந்த மேசையை விட்டு நகராது. துணி வடிவமைப்பில், மெழுகால் மறைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக்குக்கு முதல் மெழுகு வைத்த துணி ஒன்று, ஒரு சாயம் ஏறியது ஒன்று, மெழுகு நீக்கியது ஒன்று போதும்.

சிற்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சியில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை செய்யும் ஒருவர், தன் அக்கா மகனின் சிலையைப் பார்க்க வந்திருந்தார். ஃபைபரில் வார்த்த, குந்தி உட்கார்ந்த ஆள் உருவம். அதற்கு முன் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார். பையன் செல்பேசியை எடுத்து, உருவம் வெறும் கம்பிக்கூடாக இருந்த நாளின் படத்தைக் காட்டினான். மனிதர் முகமே மாறிவிட்டது. "தோள்பட்டைல ஒத்த முடிச்சா போட்ட? ஈரக் களிமண்ணு இறக்கிடுமே தம்பி" என்று ஆரம்பித்தார். உண்மையிலேயே ஒரு முறை இறங்கித்தான் விட்டதாம். களிமண் பூசியது, பிளாஸ்டர் அச்சு எடுத்தது, அச்சை எடுத்ததும் மூல உருவத்தை உடைத்து மண்ணைத் தொட்டியில் போட்டது எல்லாவற்றையும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், முதுகுப் பக்கத்தை ரொம்ப நேரம். அந்தக் கம்பிக்கூட்டின் படம் செல்பேசிக்குள் இருந்ததே தவிர, கண்காட்சியில் எங்கேயும் இல்லை.

செய்முறையைக் காட்டுவது கலையின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். படைப்பு தானாகப் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டுக் கலைக் கல்வியின் வரலாறு அந்தப் பக்கம் நிற்கவில்லை. சென்னை எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரியை 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். ஓவியத்தோடு கைத்தொழிலும் அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்துகொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியில் இறங்கியதும் அதே வளாகத்தில்தான். நம் பாட்டிமார் சோறு வடித்த பானைக்கும் ஓவியப் பள்ளிக்கும் உறவு உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த 1960-களில் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்கள் பாத்திக்கும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். கை வேலையை மறைத்து வைக்க வேண்டிய சங்கதியாக அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

சரி, இடம் எங்கே என்று கேட்பீர்கள். புதிதாக இடமே வேண்டாம். கூடத்தில் படைப்புகள் இப்போது போலவே தனியாக, அமைதியாக இருக்கட்டும். பேராசிரியரின் கட்சியும் தோற்க வேண்டாம். கண்காட்சி நாட்களில் பூட்டிக் கிடக்கும் ஸ்டுடியோக்களைத் திறந்துவிடுங்கள். பிரஸ் அங்கேயே இருக்கிறது, சூளையும் தறியும் அங்கேயே இருக்கின்றன. மாணவருக்கு ஒரு மேசை. அதில் அவருடைய ஸ்கெட்ச் புத்தகம், தேறாமல் போனவை, கருவிகள். அமிலத் தொட்டியைப் பூட்டி வையுங்கள், அது மட்டும் கட்டாயம். தேறாமல் போனதை வெளியே வைக்க மாணவர்கள் கூச்சப்படுவார்கள். ஆசிரியர்கள் தங்கள் பழைய ஸ்கெட்ச் புத்தகம் ஒன்றை முதல் மேசையில் வைத்தால் அந்தக் கூச்சம் போய்விடும்.

இன்னொன்று, இது பெற்றோருக்காக. "படம் வரையறதுக்கு நாலு வருஷப் படிப்பா?" என்ற கேள்வியை உங்கள் மாணவர்கள் சொந்த வீட்டிலேயே எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முடிந்த படத்தைப் பார்த்து அந்தக் கேள்வி அடங்காது. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும் மறுபடி கேட்பார்கள். கையை வரைந்து பழகிய முந்நூறு படங்கள் நிறைந்த ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்த அப்பா அப்படிக் கேட்பது கஷ்டம்.

எல்லாத் துறைகளிலும் ஒரே ஆண்டில் முடியாது என்றால் பதிப்போவியத்தில் மட்டும் தொடங்குங்கள். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மாணவர், வந்தவர்கள் முன்னால் ஒரு பிரதி எடுத்துக் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கட்டும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றுதான் ஓய்வு கிடைக்கும். நேரத்தை வெளி கேட்டில், சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற அளவில், தமிழில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஆண்டுதோறும் வரும் ஒரு பார்வையாளன்