வெளிநாட்டு மாணவர்கள் வரட்டும், நம் பிள்ளைகளும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெளிநாட்டு மாணவர்கள் வலை பின்னக் கற்றுக்கொள்ளும் படத்தைப் போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் பார்த்தேன். நல்ல படம்தான். அவர்கள் எந்த நாடு, என்ன படிக்கிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பதெல்லாம் செய்தியில் இருந்தது. வலையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற நம்மூர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பதிலுக்கு அவர் எந்த நாட்டுக்குப் போகப்போகிறார் என்றும் இல்லை. அநேகமாக எங்கேயும் போகமாட்டார், அதனால்தான் இந்தக் கடிதம்.

கடலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கடலூர், சிதம்பரம், புதுச்சேரி பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து சமூகப்பணி மாணவர்கள் எங்களிடம் களப்பணிக்கு வருவார்கள். வாரத்தில் இரண்டு நாள் களம், நடுவில் ஒரு கிராம முகாம், கடைசியில் ஒரு மாதம் முழுக்க எங்களோடேயே. இந்தப் படிப்பில் வகுப்பறைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் களத்துக்கும் உண்டு. ஜனவரி பிறந்ததும், வெயில் ஏறுவதற்குள், வெளிநாட்டுக் குழுக்களும் வந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இருப்பார்கள். ஒரு நாள் மகளிர் குழு, ஒரு நாள் முதியோர் இல்லம், ஒரு நாள் மீனவர் குப்பம், பிச்சாவரத்தில் படகு, ஞாயிற்றுக்கிழமை ஆரோவில். இவ்வளவுக்கும் கூடவே ஓடுவது நம் மாணவர்கள். ஆட்டோ பேசுவது, மொழிபெயர்ப்பது, காரமில்லாத சாப்பாடு தேடுவது எல்லாம் அவர்கள் தலையில். அந்த நாட்களும் அவர்களுடைய களப்பணிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, அறிக்கையில் 'குழுவினருடன் சென்றேன்' என்று எழுதுகிறார்கள். சென்றாய் சரி, நீ என்னம்மா கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பெரும்பாலும் நல்ல பிள்ளைகள், கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர்கள், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து நிற்பவர்கள் (நம் ஆட்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்). கற்றுக்கொள்ள இரண்டு பக்கமும் நிறைய இருக்கிறது. உட்கார்ந்து பேசினால்தான் அது வெளியே வரும், மூன்று வாரச் சுற்றுலாவில் வராது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சுனாமி குடியிருப்பில் ஒரு அம்மா வீட்டுக்கு நம் மாணவியும் வெளிநாட்டு மாணவி ஒருவரும் பேட்டி எடுக்கப் போனார்கள். வந்தவர் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினார், முழுக்க ஆங்கிலம். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கையெழுத்து போட்டா எதுனா வருமா பாப்பா?" என்று கேட்டார். ஏன் கேட்கமாட்டார்? 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் அந்தத் தெருவில் கையெழுத்து வாங்காத ஆளே கிடையாது. ஒரு கையெழுத்துக்கு வலை வந்தது, ஒரு கையெழுத்துக்கு வீடு வந்தது, நிறைய கையெழுத்துக்கு ஒன்றுமே வரவில்லை. "இல்ல அத்தை, எதுவும் வராது, அவங்க படிப்புக்கு" என்று நம் மாணவி உள்ளதைச் சொன்னார். "அப்ப கையெழுத்து எதுக்கு, சும்மா உக்காந்து கேளுங்க, டீ போடுறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மணிக்கணக்காகப் பேசினார். கையெழுத்து மட்டும் போடவில்லை. கையெழுத்து இல்லாததால் அந்தப் பேட்டியைப் பயன்படுத்தத் தன் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைக்காது என்று வெளிநாட்டு மாணவி கலங்கிப்போனார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் எங்கள் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து போட்ட சண்டை இருக்கிறதே, அதுதான் சார் படிப்பு. எளியவர்களிடம் கேட்காமல் கொள்ளாமல் ஆராய்ச்சி செய்து அவர்களைச் சீரழித்த கதைகள் தங்கள் நாட்டில் உண்டு, அந்தப் படிவம் அவர்களைக் காப்பாற்றத்தான் வந்தது என்றார் வந்தவர். இங்கே காகிதம்தான் பயமே, வாயால் சொன்ன சம்மதத்துக்குத்தான் மதிப்பு என்றார் நம்மவர். இரண்டும் நியாயம். தமிழில் படித்துக்காட்டி, சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு வாய்மொழியாகச் சம்மதம் வாங்கலாம் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த மாதிரி ஒரு சாயங்காலம் அமைவதற்கு நாள் வேண்டும், இரண்டு பேரும் சமமாக உட்கார வேண்டும். ஒருவர் விருந்தாளி, இன்னொருவர் எடுபிடி என்றால் சண்டைகூட வராது.

இன்னொரு விஷயம், இந்தப் படிப்பே வெளியிலிருந்து வந்ததுதான். இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936-இல் மும்பையில் டாடா அறக்கட்டளை தொடங்கியது, அதற்கு முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார். இன்றைய டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் வந்தது 1952-இல். 1928 பாரிஸ் மாநாட்டை ஒட்டிப் பிறந்த சமூகப்பணிக் கல்லூரிகளின் பன்னாட்டுச் சங்கத்துக்கு முதல் தலைவர் பெர்லினில் பெண்களுக்காகக் கல்லூரி தொடங்கிய ஆலிஸ் சாலமன். பிற்பாடு நாஜிகள் அவரையே நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். ஆக, இந்தத் துறையில் நாடு விட்டு நாடு போய்க் கற்பது புதிதல்ல. ஆனால் நம் பக்கம் வந்ததெல்லாம் அமெரிக்கப் பாடப்புத்தகம். இன்றைக்கும் நம் பிள்ளைகள் ஏழைகளுக்கும் குடியேறிகளுக்குமான சிகாகோவின் சேவை இல்லம் ஹல் ஹவுஸ் 1889-இல் தொடங்கியது என்று பரீட்சைக்கு ஒப்பிக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்கள் எப்படி மீண்டன என்று கேட்டால் அது சிலபஸில் இல்லை.

மேற்கு நாடுகளுக்கு எதிர்த் திசையிலும் பாடம் போயிருக்கிறது, அதைத்தான் சொல்லித்தருவதில்லை. குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதா வேண்டாமா என்று அதிகாரி மட்டும் முடிவு செய்யாமல், சித்தப்பா பெரியப்பா அத்தை பாட்டி எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசி முடிவெடுக்கும் முறையை நியூசிலாந்து 1989-இல் சட்டமாக்கியது. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்தது அது. அங்கிருந்து இங்கிலாந்து, ஸ்வீடன் என்று பரவியது. மனநல சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் உறவினர்களை ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார், நம் வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் வீட்டு மனிதர் கூடவே தங்குவது பழைய வழக்கம். நோயாளியைத் தனியே அடைத்துவைத்துப் பழகிய நாடுகளிலிருந்து வரும் மாணவருக்கு இதைவிடப் பெரிய பாடம் என்ன வேண்டும்? வண்டியை வேலூருக்கு விடாமல் ஆரோவிலுக்கு விடுகிறோம்.

அதற்காக நம்மிடம் இருப்பதெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவரவில்லை. சுனாமிக்குப் பிறகு மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் நிவாரணத்தைப் பங்கிட்ட வேகத்தைப் பார்த்து வெளியார் வியந்தது உண்மை. அதே பட்டியல்களில் ஆண் துணை இல்லாத பெண்கள் விடுபட்டதும், முகத்துவாரத்தில் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்குக் கடைசியில்தான் எதுவும் போய்ச்சேர்ந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் "பட்டியலில் அந்த அம்மா பேர் ஏன் இல்லை" என்று வெகுளியாகக் கேட்கும்போது, பழகிப்போன நமக்குச் சுரீர் என்கிறது. அந்தக் கேள்விக்காகவே அவர்கள் வர வேண்டும் என்பேன்.

நம் பிள்ளைகள் போனால் என்ன கிடைக்கும் என்றும் கேட்பார்கள். ஸ்வீடனில் சமூகப்பணியாளர் உள்ளாட்சி நிர்வாகத்தில் சம்பளம் வாங்கும் அலுவலர், கையில் சட்ட அதிகாரம் உள்ளவர். இங்கிலாந்தில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவே முடியாது. இங்கே எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் திட்டம் முடிந்தால் வேலை முடிந்தது என்று சொற்பச் சம்பளத்தில் நிற்கிறார். ஒரு தொழிலை மற்ற நாடுகள் எப்படி மதிக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டு வரும் பிள்ளை இங்கே வந்து கேள்வி கேட்கும். அது வேண்டாமா?

போவதற்குத் தடை காசுதான். டிக்கெட், விசா, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை. குறவன்பாளையத்திலிருந்தும் கிள்ளையிலிருந்தும் பஸ் பிடித்துப் படிக்க வரும் பிள்ளை எங்கே போகும்? ஸ்வீடன் அரசுப் பணத்தில் லின்னேயஸ்-பால்மே என்று ஒரு திட்டம் நடத்தினார்கள், அதன் அடிப்படையே இரண்டு பக்கமும் மாணவரும் ஆசிரியரும் போய்வர வேண்டும் என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்திலும் இந்தியக் கல்லூரிகள் கூட்டாளியாகச் சேரலாம். கதவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது நம் கல்லூரி முதல்வர்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை. பொன்னாடை போர்த்திப் படம் எடுத்ததோடு முடிந்துவிடுகிறது.

சரி, விமானம் ஏறினால்தான் வேறு பண்பாடா என்ன? புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே கொஞ்ச தூரத்தில் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் பல வருடங்களாக இருக்கிறது. கடலூர் சிப்காட்டில் பீகார், ஒடிசாக்காரர்கள் வேலை செய்கிறார்கள். நாலு வார்த்தை இந்தி பேசி அவர்களின் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்ல நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அனுமதி வாங்கும் வேலையைத் துறைத் தலைவர்கள் எடுத்துக்கொண்டால் இதற்குச் செலவு ஒரு டவுன் பஸ் டிக்கெட்தான்.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். எத்தனை பேர் வருகிறார்களோ, அதில் பாதிப் பேராவது இங்கிருந்து போக இடமும், போக்குவரத்துச் செலவும் உண்டு என்று எழுதியிருந்தால் மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். வருகிறவர்கள் ஒரு பருவமாவது தங்கட்டும், முடியாதென்றால் வருவதற்கு முன்பே இரண்டு பக்க மாணவர்களும் இணையவழியில் சேர்ந்து ஒரு பாடம் படித்துவிட்டு வரட்டும். மொழிபெயர்க்கும் மாணவருக்குத் தனிக் கூலியோ தனி மதிப்பெண்ணோ கொடுங்கள், அவருடைய களப்பணி நாளைத் தின்னாதீர்கள். குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு எடுத்த படம் இணையத்தில் ஏறுவதை நிறுத்துங்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. வெளிநாட்டு விருந்தாளிக்கும் அது பொருந்தும், படம் எடுத்துக்கொடுக்கும் நமக்கும் பொருந்தும்.

அப்புறம் எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கும் ஒன்று. வந்தவர்கள் எழுதிய அறிக்கை மின்னஞ்சலில் வந்தால் கோப்பில் போட்டு மூடாமல், தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, பேட்டி கொடுத்த ஊரிலேயே கூட்டம் போட்டு வாசித்துக்காட்ட வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் அந்த ஊர்ப் பெண்களே திருத்துவார்கள், திருத்தியதை அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்ளலாம், ஒரு மின்னஞ்சல்தானே.

இப்படிக்கு,
களப்பணி வழிகாட்டி ஒருவர்,
கடலூர் ஓ.டி.