அந்தச் சட்டை எந்த நிலையத்துடையது?

அன்புள்ள தம்பிக்கு,

பழைய துணிக்கடையில் சல்லிசாகக் கிடைத்தது என்று ஒரு கறுப்பு டி-சட்டையின் படம் அனுப்பியிருந்தாய். அதில் இருக்கும் டபிள்யூபிசிஎன் நீ நினைப்பதுபோல இசைக்குழு இல்லை. நீ குடியிருக்கும் பாஸ்டனில் 41 வருஷம் ராக் இசை போட்ட வானொலி நிலையம். வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

1958-இல் தொடங்கியபோது அது மேற்கத்திய செவ்வியல் இசை நிலையம். பி, சி, என் என்றால் பாஸ்டன் கான்சர்ட் நெட்வொர்க். அந்தக் காலத்தில் எஃப்.எம்மில் காசு கிடையாது. பல ஊர்களில் ஏ.எம்மில் போவதையே எஃப்.எம்மிலும் ஒப்புக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஊர்களில் பாதி நேரமாவது தனி நிகழ்ச்சி வேண்டும் என்று அறுபதுகளின் நடுவில் அமெரிக்க அரசு விதி போட்டது. நேரத்தை நிரப்பச் சரக்கு வேண்டுமே? ஏ.எம்மின் மூன்று நிமிடக் கணக்குக்குள் அடங்காத நீளப் பாட்டுகளுக்கு எஃப்.எம்மில் இடம் கிடைத்தது இப்படித்தான்.

பாஸ்டனில் அந்தக் கதவைத் திறந்தவர் ரே ரீபன் என்ற வழக்கறிஞர். டீ பார்ட்டி என்ற ராக் அரங்கையும் அவர்தான் நடத்திவந்தார். நிலையம் நொடித்துக் கிடந்த நேரம் பார்த்து, ராத்திரியை மட்டும் கேட்டு வாங்கினார். 1968 மார்ச் 15, இரவு 10 மணிக்கு முதல் பாட்டு: கிரீம் குழுவின் 'ஐ ஃபீல் ஃப்ரீ'. போட்டவர் ஜோ ரோஜர்ஸ். வானொலியில் அவர் பெயர் மிசிசிப்பி ஹெரால்ட் வில்சன். கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டே மாதத்தில் நாள் முழுக்க ராக்.

நடுநிசியில் மைக் பிடித்தவர் பீட்டர் வுல்ஃப், பின்னால் ஜே. கைல்ஸ் பேண்டில் பாடினாரே, அவரேதான். ப்ளூஸ் இசைத்தட்டுகளாகச் சுழற்றுவார். அப்போது பக்கத்து ஊரான கேம்பிரிட்ஜில் தங்கியிருந்த பாடகர் வான் மாரிசனும் அதற்காகக் கண்விழித்த கூட்டத்தில் ஒருவர். அடுத்து என்ன பாட்டு என்பது அந்த நேரத்தில் தட்டைக் கையில் வைத்திருந்தவரின் முடிவு. மேலிருந்து பட்டியல் வராது. அங்கே பாட்டுப் போட்ட மேக்ஸான் சர்டோரி என்ற பெண், அப்போது பெயர் வாங்காத பாஸ்டன் குழுவான ஏரோஸ்மித்தைப் போட்டதும், கார்ஸ் குழுவின் வெறும் டெமோ நாடாவை, அதாவது இசைத்தட்டாக வராத மாதிரிப் பதிவை, திரும்பத் திரும்பப் போட்டதும் அதனால்தான். லிஸனர் லைன் என்று ஒரு தொலைபேசியும் இருந்தது. எந்தச் சந்தேகம் வந்தாலும் ஊர் அங்கேதான் கூப்பிடும்.

எனக்குப் பாட்டுகளைவிடப் பிடித்தது 1979 பிப்ரவரிக் கதை. புது முதலாளிகள் வந்த கையோடு 19 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சப் பேர் மைக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். ஸ்டுடியோ அப்போது ப்ருடென்ஷியல் கோபுரத்தின் 50-ஆம் மாடியில். அதிலிருந்து இறங்கி, பாஸ்டன் பிப்ரவரியில், தெருவில் நிற்பது! இந்தக் குளிர்காலம் உனக்கு அது என்னவென்று காட்டியிருக்கும். அவர்கள் சேர்ந்திருந்த சங்கமோ, எலெக்ட்ரிக்கல் ஆலைத் தொழிலாளிகளைத் திரட்டிய சங்கம். நேயர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள், விளம்பரக்காரர்கள் கழன்றுகொண்டார்கள். மூன்றே வாரம், 19 பேரும் திரும்ப வேலைக்கு வந்தார்கள். வானொலியில் இப்படி எங்கே நடக்கும், சொல்லு.

அப்புறம் நடந்தது மெதுவான தேய்வு. நான் 1998-இல் அந்த ஊருக்குப் போனபோது, காலை நேரத்தில் டபிள்யூபிசிஎன்னின் அலைவரிசையான 104.1-ஐத் திருப்பினால் வானொலிப் பேச்சாளர் ஹோவர்ட் ஸ்டெர்னின் பேச்சுதான். காரில் பாட்டுக்காகக் குமிழைத் திருகி 100.7 என்ற வேறு நிலையத்துக்குப் போனால், அங்கே சார்லஸ் லக்விடாரா! அறுபதுகளின் கடைசியிலேயே இதே 104.1-க்கு வந்தவர், 'பிக் மேட்ரஸ்' என்ற காலை நிகழ்ச்சியால் ஊரை எழுப்பியவர். 1996-இல் அந்தப் பக்கம் போய்விட்டார். பழைய கலகப் பாட்டுகளுக்கு அங்கே 'கிளாசிக் ராக்' என்று பெயர். பாட்டு அதேதான். ஆனால் அடுத்தது எது வரும் என்று பாதிக்குப் பாதி என்னால் ஊகிக்க முடிந்தது, அதுதான் உறுத்தியது.

2009 ஆகஸ்டில் நிலையத்தை மூடினார்கள். கடைசிப் பாட்டு பிங்க் ஃப்ளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'. மூன்று நிமிடக் கணக்குக்கு அடங்காத பாட்டு என்பது எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

சரி, சட்டையை வெந்நீரில் போட்டுவிடாதே, எழுத்து உரிந்துவிடும். போட்டுக்கொண்டு ஒரு நாள் ரயிலில் போய்ப் பார். அறுபது வயதுக்காரர் யாராவது நிச்சயம் பேச்சுக் கொடுப்பார். அவர் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்