எடின்பரால சிடி ஆஞ்சியோக்கு போற மகனுக்கு

தம்பி,

போன்ல நீ சொன்னதுல எனக்கு புடிக்காத ஒரே விஷயம், "இங்க வெறும் ஸ்கேன் தான்ப்பா எழுதியிருக்காங்க, பேசாம லீவு போட்டு மதுரைக்கு வந்து ஆஞ்சியோவே பண்ணிக்கிறேன்"னு சொன்னது தான். வெறும் ஸ்கேன்னு சொல்லாதடா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் சிடி ரூம்ல நின்னவன் நான். மேடு ஏறுனா நெஞ்சு இறுக்குது, நின்னா சரியாயிடுதுன்னு சொல்ற 41 வயசுக்காரனுக்கு, அதுவும் சித்தப்பா 46ல போய்ச்சேந்த குடும்பத்துல பொறந்தவனுக்கு, மொதல்ல எடுக்க வேண்டியது அந்த சிடி ஆஞ்சியோ தான், ஊசில டை (படத்துல ரத்தக்குழாய் தெரிய ஏத்துற மருந்து) போட்டு இதய ரத்தக்குழாய படம் எடுக்குற ஸ்கேன்.

இங்க நம்ம ஆளுங்களுக்கு மணிக்கட்டுல வயர் விட்டு பாத்தா தான் பாத்த மாதிரி. அந்த ஆஞ்சியோ டை ஓடுற பாதையை மட்டும் தான் காட்டும், ரத்தக்குழாய் சுவருக்குள்ள படிஞ்சிருக்குற கொழுப்பு பாதையை இன்னும் சுருக்கலன்னா நார்மல்னு எழுதி அனுப்பிடுவாங்க. சிடில அந்த சுவரே தெரியும். டிஎம்டி, அதான் டிரெட்மில்ல நடக்க விட்டு ஈசிஜி பாக்குற டெஸ்ட், நார்மல்னா கூட இந்த மாதிரி படிவு இல்லன்னு ஆயிடாது. நியூக்ளியர் ஸ்கேன், ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ எல்லாம் வேற கேள்விக்கு, இதய தசைக்கு ரத்தம் போய் சேருதான்னு பாக்க, சிடில பாதி அடைப்பு மாதிரி ஏதாச்சும் வந்து சந்தேகம்னா அப்ப எழுதுவாங்க.

நீ இருக்கிற ஊர்ல தான் இதுக்கு பெரிய ஆதாரமே வந்துச்சு தெரியுமா, ஸ்காட்-ஹார்ட்னு ஒரு ஆய்வு, உங்க எடின்பரா டேவிட் நியூபி டீம், ஸ்காட்லாந்து பூரா 12 நெஞ்சுவலி கிளினிக், 4146 பேரு. பாதி பேருக்கு வழக்கமான டெஸ்ட் மட்டும், மீதி பேருக்கு அதோட சிடி ஆஞ்சியோவும். 2018ல வந்த 5 வருஷ ரிசல்ட்ல, ஹார்ட் அட்டாக் வந்தவங்க இல்ல இதய நோய்ல செத்தவங்க வழக்கமான டெஸ்ட் பக்கம் 3.9 சதவீதம், சிடி பக்கம் 2.3. ஸ்டென்ட் நிறைய வச்சதால இல்லடா, அது ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணு தான். படிவு கண்ணுக்கு தெரிஞ்சதால சரியான ஆளுக்கு கொழுப்ப குறைக்குற ஸ்டேட்டின் மாத்திரையும் ஆஸ்பிரினும் போய் சேந்துச்சு.

இப்ப வேலை விஷயம். காலைல காபி குடிக்காத, துடிப்பு ஏறும். 60 பக்கத்துல இருந்தா தான் படம் தெளிவா வரும், ஓடுற குழந்தைய போட்டோ புடிச்ச மாதிரி கலங்கிடும் இல்லன்னா. துடிப்ப குறைக்க மெட்டோப்ரோலால்னு ஒரு மருந்து குடுப்பாங்க, சின்ன வயசுல உனக்கு வீசிங் இருந்துச்சு, அத மறக்காம முன்னாடியே சொல்லு. ரத்தக்குழாய் விரிய நாக்குக்கு அடில ஸ்ப்ரே அடிப்பாங்க, வயாக்ரா வகையறா எதாச்சும் எடுக்குறவங்களுக்கு அது ஆகவே ஆகாது, பிபி தடால்னு எறங்கிடும், நீ எடுக்குறியான்னு நான் கேக்கல, ஆனா அவங்க கேட்டா கூச்சப்படாம உண்மைய சொல்லிடு. கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) ரிசல்ட் இருந்தா கொண்டு போ. டை ஏறும்போது உடம்பு பூரா சூடு ஓடும், யூரின் போயிட்ட மாதிரியே இருக்கும், பதறி அசையாத, ஒண்ணும் போகாது. மூச்ச பிடிக்க சொன்னா பிடி, சில செகண்ட் தான்.

ரேடியேஷன்னு உன் பொண்டாட்டி பயப்படுதாம். இப்ப வர்ற மெஷின்ல பெரும்பாலும் 2லேர்ந்து 5 மில்லிசீவெர்ட் தான், சும்மா இருந்தாலே வருஷத்துக்கு 2, 3 நம்ம மேல பட்டுக்கிட்டு தான் இருக்கு.

ரிப்போர்ட்ல கால்சியம் ஸ்கோர், அதான் ரத்தக்குழாய்ல கால்சியம் எவ்வளவு படிஞ்சிருக்குன்ற கணக்கு, ஜீரோன்னு வந்தா உடனே பார்ட்டி வச்சிடாத. உன் வயசுல கால்சியம் ஏறாத மெத்து படிவும் இருக்கலாம், அதனால தான் டையும் போட்டு எடுக்குறாங்க. கேட்-ராட்ஸ்னு, அடைப்பு எவ்வளவுன்னு சொல்ல 0லேர்ந்து 5 வரைக்கும் ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அத தான் நான் மொதல்ல பாப்பேன், பிடிஎஃப் அப்படியே வாட்ஸப்ல அனுப்பு.

தேதி வர்றதுக்குள்ள சும்மா உக்காந்திருக்கும்போதே வலி வந்துச்சுன்னா, வேர்த்துச்சுன்னா, எனக்கு போன் பண்ணாத, அங்க ஆம்புலன்ஸ் நம்பர் 999க்கு பண்ணு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, கேட்டா ஆபீஸ் செக்கப்னு சொல்லி வை.

அப்பா