வைக்கோல் மூடாக்கு: முதல் வருடம் இலை மஞ்சளாவதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழத்தோட்டத்தில் வைக்கோல் மூடாக்கு போடுவது, அதாவது மரத்தைச் சுற்றி மண்ணை வைக்கோலால் மூடிவைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈரம் காக்கும், களையை அமுக்கும், மண்புழு பெருகும் என்று எழுதியிருந்ததெல்லாம் சரி. புளியங்குடிப் பக்கம் இரண்டு ஏக்கரில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். நான்கு வருடமாகப் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோல் வாங்கிப் போடுகிறேன். எலுமிச்சையில் சத்து உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேலாக, ஒன்று ஒன்றரை அடிக்குள்தான் கிடக்கும். பங்குனி வெயிலில் முதலில் வேகுவது அவைதான். முன்பு ஆறு நாளுக்கு ஒரு தண்ணீர் விட்டேன். இப்போது ஒன்பது, பத்து நாள் தாங்குகிறது.

ஆனால் முதல் வருடம் நான் பட்ட பாடு உங்கள் கட்டுரையில் இல்லை. சீக்கிரம் மக்கட்டுமே என்று வைக்கோலை மண்வெட்டியால் கொத்தி மண்ணோடு கலந்துவிட்டேன். இரண்டே மாதத்தில் மரங்கள் வெளிறின. உரக்கடையில் நுண்ணூட்டக் குறை என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் பைசா பிரயோஜனம் இல்லை. அப்புறம் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சிதான் கிளையை வளைத்துக் காட்டினார். இரும்போ துத்தநாகமோ குறைந்தால் கொழுந்து இலையில் நரம்பு பச்சையாக இருக்கும், இடையில் மஞ்சளாகும். என் மரத்திலோ முற்றிய இலைகள் முழுசாக மஞ்சள். தழைச்சத்துப் பசி, அதாவது நைட்ரஜன் குறை!

நெல் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் (கார்பன்) உண்டு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ ஏறக்குறைய 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். போதாததை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், மரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு. வைக்கோல் மேலாகக் கிடந்தால் இந்தப் போட்டி அது மண்ணைத் தொடும் இடத்தோடு நின்றுவிடும். கொத்திக் கலந்தால் வேர் இருக்கும் இடமெல்லாம் நடக்கும். அந்த உயிர்கள் மடியும்போது சத்து மண்ணுக்கே திரும்பும் என்றாலும் அதுவரை மரம் பட்டினி. தழைச்சத்து சேரட்டும் என்று கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன், இடைவெளியில் தட்டைப்பயறு விதைத்தேன், மரங்கள் மெல்லத் தேறின. இது தெரியாமல் ஒரே வருடத்தில் மூடாக்கே வேண்டாம் என்று விட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி தங்குவது மணியில் இல்லை, வைக்கோலில்தான். தண்ணீர் பட்டதும் அது கரைந்து இறங்கிவிடும். காய்க்கிற மரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாட்டுக்குப் போக வேண்டிய தீவனத்தை மரத்துக்குப் போடலாமா என்று என் வீட்டிலேயே சண்டை உண்டு. அதனால் மழையில் நனைந்து கறுத்துப்போய் மாடு முகராத வைக்கோலாகப் பார்த்து வாங்குகிறேன். விலையும் குறைவு. நெல்மணி ஒட்டியிருந்தால் மட்டும் வேண்டாம். எலி வரும், சொட்டுநீர்க் குழாய் போச்சு.

கடைசியாக, கட்டுரையோடு போட்டிருந்த படம். வைக்கோல் அடிமரத்தை ஒட்டிக் குவிந்து கிடக்கிறது. எலுமிச்சையில் அப்படிப் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிப்பட்டை அழுகிப் பிசின் வடியும். கோடையில் கரையான் ஏறும். அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி விட்டுத்தான் பரப்ப வேண்டும். வாசகர்கள் எழுத்தைவிடப் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தயவுசெய்து அடுத்த முறை படத்தை மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு எலுமிச்சை விவசாயி,
புளியங்குடி