இயற்றியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அரங்கேற்ற விமர்சனம், 'மோகனகல்யாணியில் அமைந்த பாரம்பரியத் தில்லானாவுடன் நிகழ்ச்சி நிறைவுற்றது' என்று முடிகிறது. நானும் அந்த அரங்கில் இருந்தேன். ஆடப்பட்டது வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் இயற்றிய தில்லானா. அவர் மறைந்தது 2013இல்தான். அவரிடம் நேரில் பாடம் கேட்டவர்கள் இன்றும் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குள் அவர் பெயரை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

உங்கள் இதழோடு இது நின்றிருந்தால் எழுதியிருக்கமாட்டேன். அன்று தந்த அழைப்பிதழில் ஒப்பனை, ஒளியமைப்பு, மலர் அலங்காரம் செய்தவர்கள் பெயரெல்லாம் இருந்தன. தில்லானாவை இயற்றியவர் பெயர் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் என் மாணவி சாருகேசி ராக வர்ணம் 'இன்னும் என் மனம்' வாசித்தாள். இயற்றியவர் யார் என்று நடுவர் கேட்டார். லால்குடி ஜெயராமன் என்று சொன்னாள். "அவர் வயலின் வித்வான் அம்மா, சரியாகச் சொல்" என்றார் நடுவர். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். அந்த மனக்கசப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. ஆகிய பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர் என்பதோடு லால்குடியைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. 'அங்கயற்கண்ணி' என்ற பதவர்ணத்தில் (நடனத்துக்கு ஏற்ற வர்ணம்) ஒன்பது ரசங்களுக்கு ஒன்பது ராகங்களைக் கோத்தவர் அவர். பம்பாய் ஜெயஸ்ரீ, விசாகா ஹரி, சாகேதராமன் என்று வாய்ப்பாட்டுக்காரர்கள் ஒரு வயலின் வித்வானிடம் போய்ச் சிட்சை பெற்றார்களே, அது ஏன் என்று யாராவது எழுதினார்களா? சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், எங்கே பிரிகிறதோ அங்கேதான் வில்லும் திரும்ப வேண்டும் என்பது லால்குடி பாணி. என் வகுப்பில் 'இன்னும்' என்ற சொல்லை நடுவில் வெட்டி வில் போடும் பிள்ளையை நிறுத்தி, முதலில் பாடச் சொல்கிறேன். பாடிவிட்டு வாசித்தால் வில் தானாகவே நேராகிறது. அந்த வர்ணம் அப்படி அமைந்திருக்கிறது.

இவை தங்களுக்குத் தெரியாதவை அல்ல. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகளின் கீர்த்தனை என்றால் பெயரில்லாமல் தங்கள் இதழ் அச்சிடுவதில்லை. நம் காலத்தில் இயற்றியவர்களுக்கும் அந்த மரியாதையைத் தாருங்கள். விமர்சனத்தில் ராகம், தாளத்தோடு இயற்றியவர் பெயரையும் சேர்க்கும்படி விமர்சகர்களிடம் சொல்லுங்கள். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமும் வேண்டும். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வயலின் ஆசிரியை,
ஸ்ரீரங்கம்